விலையில்லா மடிக்கணினி, நாதியில்லா டிரைவர்

அந்த மடிக்கணினி இன்னும் ஓடுகிறது. அதுதான் சிக்கலே. செத்துத் தொலைந்திருந்தால் பழைய இரும்புக்காரரிடம் எடைக்குப் போட்டுவிட்டு மறந்திருப்போம். பேட்டரி போய்விட்டது, சார்ஜரிலேயே ஓடுகிறது. கீபோர்டில் நான்கைந்து எழுத்துகள் உதிர்ந்துவிட்டன. மிச்சத்தை வைத்துக்கொண்டு ஓடுகிறது. கள்ளக்குறிச்சி மாவட்டச் சங்கராபுரத்தில் எந்தத் தெருவில் வேண்டுமானாலும் போய்ப் பரணைத் தட்டுங்கள், ஒன்று விழும். 2011-க்குப் பிறகு அரசுப் பள்ளியில் பிளஸ் டூ படித்த பிள்ளை இருந்த வீடாக இருந்தால் போதும். மேலே கல்வராயன் மலையில் வெள்ளிமலையிலும் சேராப்பட்டிலும் இன்னாட்டிலும்கூட உண்டு. அரசு கொடுத்தது. நாம் கட்டிய வரியில் வாங்கி, நமக்கே விலையில்லாமல் கொடுத்தது.

2011 செப்டம்பர் 15, அண்ணா பிறந்த நாளில் திட்டம் தொடங்கியது. ஐந்து ஆண்டுகளில் 68 லட்சம் மாணவர்களுக்கு, சுமார் 10,200 கோடி ரூபாய் செலவில் என்று அறிவித்தார்கள். கடைசியில் கொடுத்தது 52 லட்சம் என்று அ.தி.மு.க. மேடைகளில் கணக்குச் சொல்கிறார்கள். கொடுத்ததைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. கல்வராயன் மலையின் உண்டு உறைவிடப் பள்ளியில் படித்த பிள்ளை, தன் பரம்பரையில் முதல் ஆளாகக் கணினியைத் தொட்டது அந்தத் திட்டத்தால்தான். கொடுத்தது நல்ல காரியம். கொடுத்த கையோடு கையைக் கழுவினார்களே, அதைப் பற்றித்தான் பேச்சு.

பெட்டிக்குள் இரண்டு இயங்குதளங்கள் இருந்தன. ஒன்று விண்டோஸ் ஸ்டார்ட்டர். மைக்ரோசாஃப்ட் கடையிலேயே மட்டமான சரக்கு அது. விண்டோஸ் 7 ஸ்டார்ட்டரில் பின்னணிப் படத்தைக்கூட மாற்ற முடியாது. சொந்தக் கணினியில் சொந்தப் படத்தை வைக்க அனுமதி கிடையாது, ஆனால் கணினி வந்த பையில் முதல்வர் படத்துக்குத் தடையே இல்லை. இந்தப் பொருத்தத்தைப் பார்த்து மைக்ரோசாஃப்டே மெய்சிலிர்த்திருக்கும்.

இன்னொன்று பாஸ் லினக்ஸ். பாரத் ஆப்பரேட்டிங் சிஸ்டம் சொல்யூஷன்ஸ். மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் சென்னையில் உட்கார்ந்து டெபியன் லினக்ஸின் மேல் கட்டியது. முதல் பதிப்பு 2007-இல் வந்தது. பிறகு தேஜஸ், சவிர், அனோகா, அனூப் என்று வரிசையாக வந்தன. சென்னையில் பிறந்த இத்தனை பிள்ளைகளில் ஒன்றுக்குக்கூடத் தமிழ்ப் பெயர் வைக்கத் தோன்றவில்லை. அது கிடக்கட்டும். பெயர் எதுவானாலும் திரை வந்தால் போதும் என்ற நிலைக்கு நாம் எப்போதோ வந்துவிட்டோம்.

அந்தத் திரைதான் வரவில்லை.

கணினியின் கிராபிக்ஸ் சில்லுக்கும், இயங்குதளத்தின் கருவான கெர்னலுக்கும் நடுவே பேசுவதற்கு ஒரு நிரல் வேண்டும். அதற்குப் பெயர் டிரைவர். அது இல்லாவிட்டால் கணினி முழுதாகச் செத்துப் போகாது. பாதி உயிரில் கிடக்கும். சில்லு செய்ய வேண்டிய வேலையைச் செயலி தலையில் சுமக்கும். எழுத்துகள் பூதாகரமாகத் தெரியும். வீடியோ விக்கும். மின்விசிறி கதறும். வெளிச்சத்தைக் கூட்டவும் குறைக்கவும் முடியாது. மூடித் திறந்தால் எழுந்திருக்காது. புரொஜெக்டரில் மாட்டினால் புரொஜெக்டருக்கும் அதற்கும் ஜென்மப் பகை என்பது தெரியவரும்.

2011-இல் நடந்ததைக் கவனியுங்கள். அந்த ஜனவரியில் இன்டெல் தன் புதிய தலைமுறைச் சில்லை வெளியிட்டது. சாண்டி பிரிட்ஜ் என்று பெயர். அதன் கிராபிக்ஸ் ஒழுங்காக வர வேண்டுமென்றால் லினக்ஸில் அப்போதுதான் வெளிவந்திருந்த 2.6.37 கெர்னலாவது வேண்டும். அடுத்த மாதம் டெபியன் 6 வந்தது. அதில் இருந்தது 2.6.32, அதாவது 2009 டிசம்பர் சரக்கு. அந்த டெபியனின் மேல்தான் பாஸின் சவிர் நின்றது. ஆக, புதுச் சில்லுள்ள பெட்டியில் இந்தப் பழைய கெர்னலை ஏற்றினால், கடையிலிருந்து வரும்போதே அது ஆதரவற்ற கணினி. லினக்ஸ் தெரிந்த கல்லூரி மாணவர் யாரைக் கேட்டிருந்தாலும் இதைச் சொல்லியிருப்பார். கேட்கத்தான் ஆளில்லை.

பிள்ளைகள் என்ன செய்தார்கள்? பிள்ளைகள் புத்திசாலிகள். துவங்கும்போது இரண்டு பெயர்கள் வரும் பட்டியலில் பாஸ் பக்கமே போகவில்லை. அடுத்து சர்வீஸ் கடைக்குப் போனார்கள். "அண்ணா, அந்த பாஸைத் தூக்கிட்டு விண்டோஸ் மட்டும் போடுங்க, இடம் பத்தல" என்றார்கள். அண்ணன் தூக்கினார். அதோடு மட்டமான ஸ்டார்ட்டரையும் தூக்கிவிட்டு, சில நூறு ரூபாய்க்கு 'அல்டிமேட்' ஏற்றிக் கொடுத்தார். அந்த அல்டிமேட் எங்கிருந்து வந்தது என்று அண்ணனும் சொல்லவில்லை, பிள்ளையும் கேட்கவில்லை. கட்டற்ற மென்பொருளைப் பரப்பக் கிளம்பிய அரசுத் திட்டம், தாலுகாவுக்குத் தாலுகா திருட்டு விண்டோஸைப் பரப்பி முடித்தது. எந்தச் சாதனை மலரிலும் இது அச்சாகவில்லை.

இப்போது காலத்தைக் கொஞ்சம் ஓட்டுவோம். டெபியன் 6-க்கான வழக்கமான ஆதரவு 2014 மே மாதம் முடிந்தது. நீட்டித்த ஆதரவும் 2016 பிப்ரவரியில் முடிந்தது. விண்டோஸ் 7-க்கு மைக்ரோசாஃப்ட் 2020 ஜனவரி 14 அன்று கதவைச் சாத்தியது. கணினி மட்டும் சாகவில்லை. தங்கை படிக்க வேண்டும், கடைக் கணக்கு எழுத வேண்டும், டி.என்.பி.எஸ்.சி. விண்ணப்பம் போட வேண்டும். புது மடிக்கணினி வாங்கக் கரும்புப் பணம் வர வேண்டும். மூங்கில்துறைப்பட்டு சர்க்கரை ஆலைக்குக் கரும்பு வெட்டி அனுப்பும் வீட்டில் அந்தப் பணத்துக்கு ஏற்கெனவே பத்துப் பேர் வரிசையில் நிற்கிறார்கள்.

ஆகவே யாரோ ஒரு பிள்ளை துணிந்து, பழைய லினக்ஸிலேயே கிராபிக்ஸ் டிரைவரை ஏற்றிப் பார்க்கலாம் என்று உட்காருகிறது. அதன் கதி என்ன?

முதல் கட்டளையிலேயே 404. நிரல்கள் இருந்த முகவரி காலி. ஆதரவு முடிந்த பதிப்பின் நிரல்களைப் பழைய கிடங்கு ஒன்றுக்கு மாற்றிவிட்டிருப்பார்கள். அந்தக் கிடங்கின் முகவரியைத் தேடிப் பிடித்து, கோப்பைத் திறந்து, கையால் எழுத வேண்டும். எழுதினால் கையொப்பம் காலாவதி என்று வரும். அதையும் தாண்டினால் டிரைவரைக் கட்டமைக்கக் கெர்னலின் தலைப்புக் கோப்புகள் வேண்டும் என்று வரும். கோப்பு கிடைத்தால் அது வேறு கெர்னலுக்கானது. நல்லவேளையாக எல்லாம் அமைந்தால், கம்பைலர் நூற்றுக்கணக்கான வரிகளில் திட்டும். அதில் கடைசி வரி மட்டும் புரியும்: பிழை. ஏற்கெனவே இருக்கும் திறந்த டிரைவரை முடக்கு, மறுபடி துவக்கு என்பார்கள். முடக்கித் துவக்கினால் கறுப்புத் திரை. இடது மூலையில் ஒரு கோடு மட்டும் மினுக்கிக்கொண்டிருக்கும்.

இணையத்தில் ஆலோசனை ஒன்றுதான்: "புதிய பதிப்புக்கு மாறுங்கள்." சரி என்று புதிய பதிப்பைப் போட்டால், புதிய பதிப்பு சொல்கிறது: "உங்கள் சில்லு பழையது. அதன் டிரைவர் நிறுத்தப்பட்டுவிட்டது."

பழைய பதிப்பில் புது டிரைவர் ஏறாது. புதுப் பதிப்பில் பழைய டிரைவர் ஏறாது. தாலுகா அலுவலகத்தில் பட்டா மாறுதலுக்கு நடந்தவர்களுக்கு இந்தச் சுற்று புதிதல்ல. சர்வேயர் கையெழுத்து இல்லாமல் வி.ஏ.ஓ. தொடமாட்டார், வி.ஏ.ஓ. கையெழுத்து இல்லாமல் சர்வேயர் வரமாட்டார். ஒரே வித்தியாசம், இங்கே யாருக்கு டீ வாங்கிக் கொடுப்பது என்றுகூடத் தெரியாது.

இந்த ஆட்டத்தை ஆடும் கம்பெனிகளின் பெயரையும் சொல்லிவிடுவோம். அவர்கள் கூச்சப்படமாட்டார்கள்.

இன்டெல் பொதுவாக இந்த விஷயத்தில் நல்ல பிள்ளை. ஆனால் மலிவான நெட்புக்குகளில் போட்ட ஜி.எம்.ஏ. 500, 3600 வகைக் கிராபிக்ஸை வேறொரு கம்பெனியிடமிருந்து வாங்கிச் செருகியது. மூல நிரல் வெளியே வரவில்லை. 3600-க்கு உபுண்டு 12.04-இல் ஒரு டிரைவர் கிடைத்தது. அந்த ஒரு கெர்னலோடு அதன் ஆயுள் சரி. ஏழைகள் வாங்குகிற கணினிக்கு மட்டும் இந்த மரியாதை. ஏ.எம்.டி. 2012-இல் தன் எச்.டி. 2000, 3000, 4000 வரிசை அட்டைகளைப் பழையவை என்று ஒதுக்கியது. கம்பெனி கைவிட்டதை ரேடியான் என்ற திறந்த டிரைவர்தான் தாங்கிப் பிடித்தது. அதில் சம்பளமில்லாமல் உழைத்தவர்களின் பங்கு கொஞ்சமல்ல.

என்விடியாவுக்குத் தனி மரியாதை செய்ய வேண்டும். பல ஆண்டுகளாக லினக்ஸுக்கு மூடிய டிரைவரை மட்டுமே கொடுத்தது. 2012-இல் பின்லாந்தின் ஆல்டோ பல்கலைக்கழகத்தில் லினக்ஸின் தந்தை லினஸ் டோர்வால்ட்ஸ், கேமராவைப் பார்த்து அந்தக் கம்பெனிக்கு நடுவிரலைக் காட்டினார். பத்து ஆண்டு கழித்து, 2022 மே மாதம், கெர்னல் பகுதியின் நிரலைத் திறந்தார்கள். உலகமே கை தட்டியது. சின்ன எழுத்தில் இருந்ததை யாரும் சத்தமாகப் படிக்கவில்லை: 2018-இல் வந்த டியூரிங் தலைமுறைக்கும் அதற்குப் பிந்தைய சில்லுகளுக்கும் மட்டும். அதற்கு முந்தியவை வைத்திருப்பவன் பழைய மூடிய டிரைவரோடு கிட. அந்த மூடிய டிரைவரின் 340 வரிசை 2019 இறுதியோடு நின்றது. 390 வரிசை 2022 இறுதியோடு நின்றது. சென்னை ரிச்சி தெருவில் இரண்டாம் கையாக வாங்கிவரும் கணினிகளில் இந்த அட்டைகள் இருந்தால், வாங்கியவன் பாடு திண்டாட்டம். 2025 அக்டோபரில் என்விடியாவின் சந்தை மதிப்பு ஐந்து லட்சம் கோடி டாலரைத் தாண்டியது. உலகிலேயே அந்த உயரத்தைத் தொட்ட முதல் கம்பெனி. பழைய அட்டைக்கு டிரைவர் எழுத மட்டும் அவர்களிடம் ஆள் பற்றாக்குறை.

கம்பெனி லாபத்துக்கு இருக்கிறது. அது அப்படித்தான் செய்யும். அதன்மேல் எனக்கு வருத்தம் உண்டு, ஆச்சரியம் இல்லை. அரசு எதற்கு இருக்கிறது?

லினக்ஸில் டிரைவர் ஏன் இவ்வளவு தலைவலி என்று கேட்டால் தெரிந்தவர்கள் ஒரே பதில்தான் சொல்வார்கள்: உலகத்தில் ஆயிரக்கணக்கான விதமான கணினிகள், ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு சில்லு, எல்லாவற்றுக்கும் தன்னார்வலர்கள் எப்படி எழுத முடியும்? நியாயமான பதில். ஆனால் தமிழ்நாட்டுக்கு இந்தத் தலைவலி இல்லவே இல்லை! இங்கே லட்சக்கணக்கில் ஒரே மாதிரிக் கணினி. ஓராண்டு டெண்டருக்கு ஒரே அளவுகோல், விரல் விட்டு எண்ணக்கூடிய மாடல்கள். வாங்குபவர் ஒரே ஆள், தமிழ்நாடு அரசின் மின்னணு நிறுவனமான எல்காட். அந்த அளவுக்குக் கொள்முதல் செய்யும் ஒருவர் முன்னால் எந்தக் கம்பெனியும் கைகட்டித்தான் நிற்கும். "திறந்த டிரைவர் இல்லாத சில்லை எடுத்துக்கொண்டு இந்தப் பக்கம் வராதே, இத்தனை ஆண்டுக்குப் பதிப்பு மாறினாலும் திரை வர வேண்டும், வராவிட்டால் வைப்புத்தொகை வராது" என்று ஒரு வரி. அதை எழுதி, எழுதியபடி வாங்கியிருந்தால் கதையே வேறு. அப்படி எழுதினார்களா என்று நான் கோப்பைத் தேடிப் போகவில்லை. கணினியைப் பார்த்தேன். எழுதிய அடையாளம் எதுவும் அதில் தெரியவில்லை.

பையின் நிறம், படத்தின் அளவு, முத்திரை வரும் இடம் எல்லாவற்றுக்கும் அளவுகோல் வைத்திருந்த அரசு இது. பள்ளிக் கணினி ஆசிரியருக்கு, இந்த மாடலுக்கு இந்த டிரைவர் என்று நாலு பக்கக் கையேடு அடிக்க மட்டும் தாள் இல்லை.

தமிழ்நாட்டுக்கு இது தெரியாமல் நடந்ததா என்றால், அதுவும் இல்லை. அதுதான் வயிற்றெரிச்சல். 2006-இலிருந்து 2008 வரை எல்காட்டின் மேலாண்மை இயக்குநராக இருந்த சி. உமாசங்கர், அலுவலகத்தையே லினக்ஸுக்கு மாற்றிக் காட்டினார். தன் மேஜையில் முதலில் மாற்றிவிட்டு, அடுத்த மேஜைக்குப் போனார். நாடு முழுக்கப் பேசப்பட்டது. 2008-இல் அவரை மாற்றினார்கள். கொள்கையின் உயிர் அன்றைக்கே போய்விட்டது. உடம்பை மட்டும் டெண்டர் நிபந்தனையில் ஒரு வரியாகப் பதப்படுத்தி வைத்திருக்கிறார்கள்: "பாஸ் லினக்ஸ் இருக்க வேண்டும்." இருந்தால் போதும். ஓட வேண்டும் என்று யார் சொன்னது?

2014 ஏப்ரல் 8-ஆம் தேதி மைக்ரோசாஃப்ட் தன் பழைய விண்டோஸ் எக்ஸ்.பி.யைக் கைவிட்டது. உடனே நம் அரசுக்குச் சுதேசி ஞானம் பிறந்தது. துறைகள் எல்லாம் பாஸுக்கு மாற வேண்டும் என்று அறிவுறுத்தல் போனது. அடுத்த ஆண்டு மார்ச்சில் மத்திய அரசும் திறந்த மூல மென்பொருள் கொள்கையை வெளியிட்டது. ஆணை இருக்கிறது, கொள்கை இருக்கிறது. இப்போது உங்கள் ஊர்ச் சார்பதிவாளர் அலுவலகத்துக்கோ இ-சேவை மையத்துக்கோ போய், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருக்கும் திரையை எட்டிப் பாருங்கள். எந்த இயங்குதளம் என்று நான் சொல்ல வேண்டாம். கொள்கையை வகுத்த அதிகாரி அதைத் தட்டச்சு செய்த கணினியில் எது இருந்திருக்கும் என்பதையும் ஊகத்துக்கு விட்டுவிடுகிறேன்.

பக்கத்தில் கேரளா. அங்கே பள்ளிகளில் 'ஐ.டி. அட் ஸ்கூல்' என்று தொடங்கினார்கள்; 2017-இல் அது 'கைட்' என்ற அரசு நிறுவனமாயிற்று. உபுண்டுவை எடுத்துத் தங்கள் பள்ளிக்குத் தைத்து, தங்கள் பாடப்புத்தகத்தோடு இணைத்து, புதுப் பதிப்பு வரவர மாற்றிக்கொண்டே வருகிறார்கள். ஆசிரியர்களுக்கு ஆசிரியர்களே பயிற்சி கொடுக்கிறார்கள். உரிமக் கட்டணத்தில் மட்டும் 3,000 கோடி ரூபாய் மிச்சம் என்று அவர்கள் கணக்குச் சொல்கிறார்கள். அந்தக் கணக்கில் பாதியைத் தள்ளிவிடுங்கள், அரசுக் கணக்குதானே. மிச்சப் பாதியைப் பார்த்தாலும் நமக்கு வெட்கம் வர வேண்டும். அவர்களிடம் இருப்பதும் அதே லினக்ஸ்தான், அதே சில்லுதான், அதே டிரைவர்தான். கூடுதலாக இருப்பது, போன் செய்தால் எடுக்கும் ஓர் ஆள்.

டிரைவர் ஏறாத பழைய பதிப்பில் மாட்டிக்கொள்வது எங்கள் பகுதிக்குப் புதிதும் அல்ல. கல்வராயன் மலை ஜாகீர்தார்களின் பிடியில் கிடந்து, 1976-இல்தான் அரசின் நேரடி நிர்வாகத்துக்கு வந்தது. நாடு 1947-இல் மேம்படுத்தப்பட்டது. மலைக்கு அந்த அப்டேட் இறங்க 29 ஆண்டு. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் கள்ளச்சாராயம் உயிர்களைக் கொத்தாக அள்ளிக்கொண்டு போனது. அப்புறம்தான் சென்னை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து, இந்த மலை மக்கள் எப்படி வாழ்கிறார்கள் என்று கேட்டது. சாலை இருக்கிறதா, மருத்துவமனை இருக்கிறதா, பள்ளி இருக்கிறதா என்று நீதிபதிகள் கேட்டு அரசு பதில் எழுத வேண்டியிருந்தது. இப்படிப்பட்ட இடத்துக்கு மடிக்கணினியை அனுப்பிவிட்டு, "டிரைவரை இணையத்திலிருந்து பதிவிறக்கிக்கொள்" என்றார்கள். நூற்றுக்கணக்கான எம்.பி. கோப்பு. செல்போனில் இரண்டு கோடு சிக்னல் வர, வீட்டை விட்டு இறங்கி மேட்டுக்கு நடக்க வேண்டிய ஊர்களுக்கு!

சங்கராபுரம் 2019 நவம்பர் வரை விழுப்புரம் மாவட்டத்தில் இருந்தது. அந்த விழுப்புரத்தில் குனு/லினக்ஸ் பயனர் குழு என்று ஓர் இளைஞர் கூட்டம் இருக்கிறது. கிராமத்துப் பிள்ளைகளை உட்கார வைத்துக் காசு வாங்காமல் கட்டற்ற மென்பொருள் சொல்லிக்கொடுக்கிறார்கள். 'கணியம்' இதழ் 2012-இலிருந்து தமிழில் லினக்ஸ் பற்றி எழுதிக்கொண்டிருக்கிறது. அவர்களுக்கு டெண்டர் கிடையாது, பை கிடையாது, படம் கிடையாது. பிள்ளைகளின் கணினியில் திரை வரவைக்கிறார்கள். ஆயிரக்கணக்கான கோடி செலவழித்த அரசு செய்யாததை வேலை முடித்து வந்த இளைஞர்கள் ஞாயிற்றுக்கிழமையில் செய்கிறார்கள். அரசு அவர்களுக்கு என்ன செய்ய வேண்டும் என்று கேட்பீர்கள். ஒன்றும் வேண்டாம். சான்றிதழ் கொடுத்துச் சால்வை போர்த்திப் படம் எடுத்துக்கொள்ள வராமல் இருந்தாலே பேருதவி.

இனி புதுக்கதை. நடுவில் சில ஆண்டுகள் திட்டம் தூங்கியது. கொரோனா என்றார்கள், சில்லுத் தட்டுப்பாடு என்றார்கள். 2025 மார்ச் பட்ஜெட்டில் விழித்துக்கொண்டார்கள். இரண்டு ஆண்டுகளில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு; முதல் தவணையாக 2,000 கோடி ரூபாய். 2026 ஜனவரியில், அதாவது சட்டமன்றத் தேர்தலுக்கு மிகச் சரியாகச் சில மாதங்களுக்கு முன்னால், விநியோகம் ஆரம்பமானது. கணினி நல்ல கணினிதான். எட்டு ஜி.பி. நினைவகம், எஸ்.எஸ்.டி. சேமிப்பகம். விண்டோஸ் 11 இருக்கிறது. ஒரு வெளிநாட்டுச் செயற்கை நுண்ணறிவுச் சேவைக்கு ஆறு மாதச் சந்தாவும் இருக்கிறது. ஏழாவது மாதம் பிள்ளையின் அறிவு மறுபடி இயற்கைக்குத் திரும்பிவிடும். கூடவே, ஆமாம், பாஸ் லினக்ஸும் இருக்கிறது. ஆட்சி மாறியது, முதல்வர் மாறினார், சில்லு மாறியது. டெண்டரில் அந்த ஒரு வரியை மட்டும் யாரும் அழிக்கவில்லை. எதற்கு அங்கே இருக்கிறது என்று கேட்கவும் இல்லை.

கேட்டுவிட்டால் பதில் சொல்ல வேண்டிவரும். இந்த 20 லட்சம் கணினிகளுக்கும் அடுத்த பத்து ஆண்டு டிரைவர் பொறுப்பு யாருடையது? கணினி விற்ற கம்பெனியா, எல்காட்டா, சி-டாக்கா, கல்லூரியா? பாஸின் அடுத்த பதிப்பு வரும்போது மாணவர் எங்கே போய் ஏற்றிக்கொள்வார்? தொலைபேசி எண் உண்டா? அந்த எண்ணை எடுப்பவருக்குத் தமிழ் தெரியுமா, கெர்னல் தெரியுமா, குறைந்தபட்சம் இரண்டில் ஒன்றாவது தெரியுமா? 2,000 கோடியில் அரை சதவீதம் என்றாலும் 10 கோடி. பத்துக் கோடிக்கு எத்தனை பொறியாளர்களை எத்தனை ஆண்டு உட்கார வைக்கலாம் என்பதைப் பொறியியல் படித்துவிட்டுச் சங்கராபுரத்தில் செல்போன் கடையில் நிற்கும் எந்தத் தம்பியும் மனக்கணக்காகச் சொல்வான். வேலைக்கும் அவனே வருவான்.

சரி, கமிட்டி வேண்டாம், அறிக்கை வேண்டாம். அடுத்த விநியோக விழாவைக் கள்ளக்குறிச்சியில் வையுங்கள். மேடையில் ஒரு கணினியை, நீங்களே தேர்ந்தெடுத்த கணினியை, எடுங்கள். விண்டோஸை மூடுங்கள். பாஸில் துவக்குங்கள். அந்தப் பெரிய எல்.இ.டி. திரையோடு இணைத்து, உங்கள் சாதனை வீடியோவை அதிலிருந்தே ஓட்டிக் காட்டுங்கள். ஓடினால் முன்வரிசையில் உட்கார்ந்து நாங்கள் கை தட்டுகிறோம், பிரியாணிகூட வேண்டாம். ஓடாவிட்டால், அமைச்சர், செயலாளர், கம்பெனிப் பிரதிநிதி மூவரும் அதே மேடையில் டெர்மினலைத் திறந்து, நூற்றுக்கணக்கான பிழை வரிகளையும் மைக்கில் சத்தமாகப் படித்து, டிரைவரை ஏற்றிவிட்டுத்தான் இறங்க வேண்டும். சாப்பாடு நாங்கள் போடுகிறோம். எத்தனை நாளானாலும்.